வீட்டிலேயே மின்சைக்கிள் செய்வது: மோட்டாரைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்

உங்கள் கேள்வியின் சாரம் இது: முன்பக்கம் சஸ்பென்ஷனும் இருபுறமும் டிஸ்க் பிரேக்கும் உள்ள 26 அங்குல இரும்புச் சட்டகச் சைக்கிள் ஒன்று உங்களிடம் இருக்கிறது, அலுவலகம் 12 கிலோமீட்டர் தொலைவில், வழியில் ஒரு மேம்பாலத்தோடு இருக்கிறது, உங்கள் எடை 75 கிலோ. இதை வீட்டிலேயே மின்சைக்கிளாக மாற்ற 1000 வாட் மோட்டார் வாங்கலாமா, பேட்டரியை நீங்களே கட்டலாமா, உரிமம் ஏதும் தேவைப்படுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

செய்ய முடியும். மல்டிமீட்டரைக் கையாளவும் ஒழுங்காகச் சால்டர் வைக்கவும் தெரிந்தவர், பொறுமையும் இருந்தால், இதைச் செய்துவிடலாம். ஆனால் பெரும்பாலானோர் தொடங்கும் இடமே தவறு. முதலில் மோட்டாரை வாங்கி, அதற்கு ஏற்ற கன்ட்ரோலரை (பேட்டரியிலிருந்து மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டி) தேடி, எஞ்சிய பணத்தில் பேட்டரி வாங்குகிறார்கள். வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எவ்வளவு எடை என்ற கணக்கிலிருந்து பேட்டரி பிறக்க வேண்டும். பேட்டரி தரக்கூடிய மின்னோட்டத்திலிருந்து கன்ட்ரோலரும், அதற்குப் பொருத்தமாகக் கடைசியில் மோட்டாரும் வர வேண்டும்.

கணக்கு எளிதானதுதான். நீங்கள், சைக்கிள், மோட்டார், பேட்டரி, பை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 100 கிலோ. சமதளத்தில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது டயரின் உருளல் தடையையும் காற்றின் எதிர்ப்பையும் சேர்த்து வெல்லச் சக்கரத்துக்குச் சுமார் 175 வாட் போதும். அதே வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் போக ஏறக்குறைய 580 வாட் கேட்கும். காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதுதான் காரணம். கூடுதலாகக் கிடைக்கும் 15 கிலோமீட்டர் வேகத்துக்காக மூன்று மடங்குக்கு மேல் திறனைச் செலவிடுவது, நகரச் சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் நிற்க வேண்டிய ஒருவருக்குப் பொருளற்ற செலவு. மேம்பாலத்தையும் பார்த்துவிடுவோம். 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரும் ஏற்றத்தில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏறச் சுமார் 260 வாட் வேண்டும். சாதாரண உடல்நிலை உள்ள ஒருவர் பெடலில் 100 வாட் தருவது கடினமல்ல. மீதி 160 வாட்டை மோட்டார் தர வேண்டும். எனவே 250 வாட்டுக்குள் அடங்கும் மோட்டார் உங்கள் தேவைக்கு நிறைவாகவே போதும். 1000 வாட் மோட்டார் வேண்டாம் என்பதற்குச் சட்டக் காரணமும் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது ஆற்றல். மோட்டாரும் கன்ட்ரோலரும் வெப்பமாக இழப்பதையும், நின்று நின்று கிளம்புவதையும் சேர்த்தால், பெடல் மிதிக்காமலேயே போனாலும் கிலோமீட்டருக்கு 12 வாட்-மணி (ஒரு வாட் திறனை ஒரு மணி நேரம் தரும் ஆற்றலே ஒரு வாட்-மணி) என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பான கணக்கு. போக வர 24 கிலோமீட்டருக்கு 288 வாட்-மணி ஆகிறது. பேட்டரியை அன்றாடம் அடிவரை காலி செய்யக் கூடாது, ஆண்டுகள் செல்லச் செல்ல அதன் கொள்ளளவு குறையும், எதிர்க்காற்று அடிக்கும் நாளும் வரும். இவற்றையெல்லாம் எண்ணினால் 450 வாட்-மணியை ஒட்டிய பேட்டரி உங்களுக்குச் சரியாக இருக்கும்.

இப்போது முக்கியமான தேர்வு: எந்த வகை லித்தியம் செல்? மடிக்கணினிகளாலும் மின்சைக்கிள்களாலும் பரவலான 18650 அளவுச் செல்களில் பெரும்பாலானவை நிக்கல் சார்ந்த வேதியியல் கொண்டவை. எடை குறைவு, இடமும் குறைவு. 3.6 வோல்ட் செல்கள் பத்தைத் தொடராக இணைத்தால் 36 வோல்ட் கிடைக்கும். முழுதும் ஏறிய நிலையில் அது 42 வோல்ட். உங்கள் தேவைக்கு 2.6 ஆம்பியர்-மணிச் செல்கள் ஐம்பதைப் பத்துத் தொகுதிகளாகக் கட்ட வேண்டியிருக்கும். மற்றொன்று லித்தியம் இரும்பு பாஸ்பேட், அதாவது எல்எஃப்பி. இதில் 32700 என்ற பருத்த அளவுச் செல் ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், 6 ஆம்பியர்-மணி. இரண்டிரண்டாகப் பக்கவாட்டில் சேர்த்துப் பன்னிரண்டு தொகுதிகளைத் தொடராக்கினால் 38.4 வோல்ட், 12 ஆம்பியர்-மணி, ஆக 460 வாட்-மணி வந்துவிடும். செல்களின் எண்ணிக்கை 24 தான். எடை ஒரு கிலோ அளவுக்குக் கூடும் என்பது உண்மை. ஆனால் எல்எஃப்பி அதிக வெப்பநிலை வரை நிலைகுலையாமல் தாங்கும். பழுதானாலும் நிக்கல் வகையைப் போல மூர்க்கமாக எரியும் வாய்ப்பு குறைவு. ஆயிரம் முறைக்கு மேல் ஏற்றி இறக்கினாலும் உழைக்கும். முதன்முறையாகக் கட்டுபவர், வெயில் கொளுத்தும் ஊரில், வீட்டுக்குள் வைத்து மின்னேற்றப் போகிறார் என்றால், நான் தயங்காமல் எல்எஃப்பியையே சொல்வேன். ஒரு கிலோ கூடுதல் எடையை மோட்டார்தானே சுமக்கப் போகிறது.

எந்த வகையானாலும் செல்களைப் புதிதாக, ஒரே தயாரிப்பு, ஒரே தொகுப்பிலிருந்து வாங்குங்கள். பழைய மடிக்கணினி பேட்டரிகளை உடைத்து எடுத்த செல்களில் பேட்டரி கட்டும் காணொளிகள் ஏராளம். டார்ச் விளக்குக்கு அது பொருந்தலாம், 15 ஆம்பியர் இழுக்கும் வண்டிக்குப் பொருந்தாது. போலிகளிடமும் கவனம் தேவை. 18650 அளவில் இன்று கிடைக்கும் நல்ல செல்லின் கொள்ளளவு 3500 மில்லிஆம்பியர்-மணியை ஒட்டியே நிற்கிறது. மேலுறையில் 9900 என்று அச்சிட்ட செல்லை விற்பவர் உங்களை ஏமாற்றுகிறார். செல்கள் கைக்கு வந்ததும் ஒவ்வொன்றின் மின்னழுத்தத்தையும், கருவி கிடைத்தால் உள்மின்தடையையும் அளந்து எழுதுங்கள். மற்றவற்றிலிருந்து விலகி நிற்கும் செல்லை ஒதுக்கிவிடுங்கள். தொடரிணைப்பில் பலவீனமான ஒரு தொகுதி முழுப் பேட்டரியின் கொள்ளளவையும் தன் அளவுக்குக் கீழிறக்கிவிடும்.

செல்களை இணைக்க நிக்கல் பட்டையும், ஒரு புள்ளியில் மட்டும் கணநேரச் சூட்டால் ஒட்டும் ஸ்பாட் வெல்டிங்கும் வேண்டும். செல்லின் முனையில் நேரடியாகச் சால்டர் வைக்காதீர்கள். அந்த வெப்பம் உள்ளே உள்ள அடைப்பையும் பிரிப்புப் படலத்தையும் கெடுக்கும், கெட்டது வெளியே தெரியாது. நிக்கல் முலாம் பூசிய இரும்புப் பட்டையைத் தூய நிக்கல் என்று விற்பதும் சந்தையில் வழக்கம். ஒரு துண்டைச் சுரண்டி உப்புநீரில் ஓரிரு நாள் போட்டால் இரும்பு துருப்பிடித்துக் காட்டிக்கொடுத்துவிடும். 0.15 மில்லிமீட்டர் தடிமனும் 8 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ஒற்றைப் பட்டை 5 ஆம்பியர் அளவுக்கு நிம்மதியாகத் தாங்கும். உங்கள் பேட்டரியில் 15 ஆம்பியர் ஓடும்போது ஒவ்வொரு செல்லுக்கும் 7.5 ஆம்பியர் பங்கு வருவதால் பட்டையை இரண்டடுக்காக வையுங்கள். செல்களை அவற்றுக்குரிய பிளாஸ்டிக் தாங்கிகளில் இடைவெளியோடு நிறுத்துங்கள். நேர்முனையைச் சுற்றி மின்காப்புக் காகித வளையத்தை ஒட்டுங்கள். அந்த முனையின் விளிம்பிலேயே செல்லின் எதிர்முனையான உறை வந்து முடிகிறது. நடுவே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் தோல் மட்டுமே. சாலைக் குலுக்கலில் பட்டை அதை அறுத்தால் செல் தன்னையே குறுக்குச்சுற்றாக்கிக்கொள்ளும்.

வேலையில் உட்காரும் முன் மோதிரம், உலோகக் கைக்கடிகாரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஸ்குரூடிரைவரின் தண்டுக்கு மின்காப்பு நாடா சுற்றுங்கள். 40 வோல்ட் தொட்டால் பெரும்பாலும் அதிர்ச்சி அடிக்காது. அதனால்தான் அசட்டை வருகிறது. ஆபத்து அதிர்ச்சியில் இல்லை, நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே கணத்தில் பாய்ந்து மோதிரத்தைச் செந்தணலாக்குவதில் இருக்கிறது.

பிஎம்எஸ் என்னும் பேட்டரிப் பாதுகாப்புச் சுற்றைத் தவிர்த்துவிட்டுப் பேட்டரி கட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். எந்தத் தொகுதியும் அளவுக்கு மீறி ஏறாமலும் இறங்காமலும், மொத்த மின்னோட்டம் எல்லை தாண்டாமலும் அதுதான் காக்கிறது. எல்எஃப்பிக்கு எல்எஃப்பிக்கான பிஎம்எஸ்ஸே வேண்டும். இரு வகைகளின் வெட்டு எல்லைகளும் வேறு. ஒவ்வொரு தொகுதியின் மின்னழுத்தத்தையும் அதற்குத் தெரிவிக்கும் மெல்லிய உணர்கம்பிகளை இணைப்பதில்தான் புதியவர்கள் பலகையை எரிக்கிறார்கள். முதலில் பேட்டரியின் எதிர்முனைக் கம்பியை இணையுங்கள். உணர்கம்பிகளை ஒவ்வொரு தொகுதிக்கும் வரிசையாக இணையுங்கள். பிளக்கைப் பலகையில் செருகும் முன், அடுத்தடுத்த இரு முனைகளுக்கு இடையே 3.2 வோல்ட் அளவில் வருகிறதா என்று பன்னிரண்டு இடத்திலும் அளந்து பாருங்கள். ஓரிடத்தில் சுழியமோ 6 வோல்ட்டோ காட்டினால் கம்பி இடம் மாறியிருக்கிறது. பேட்டரியின் நேர்முனையில் 20 அல்லது 25 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றையும், முனைக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், போட்டுவிடுங்கள்.

சார்ஜரும் வகைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 12 தொடர் எல்எஃப்பிக்கு 43.8 வோல்ட் சார்ஜர். 36 வோல்ட் என்று பெயர் ஒன்றாக இருப்பதால் 42 வோல்ட் சார்ஜரை மாட்டினால் பேட்டரி முழுதும் ஏறாது, தொகுதிகள் சமன்படவும் வாய்ப்பில்லை. எதிர்மாறாக, 43.8 வோல்ட் சார்ஜரை நிக்கல் வகை பேட்டரியில் மாட்டுவது ஆபத்து. 3 ஆம்பியர் சார்ஜரில் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அவசரப்பட்டுப் பெரிய சார்ஜர் வாங்க வேண்டியதில்லை. செல்களை மின்னேற்றும் வெப்பநிலைக்குப் பொதுவான மேலெல்லை 45 டிகிரி செல்சியஸ். மே மாத மதியத்தில் வெயிலில் நின்ற வண்டியின் பேட்டரிப் பெட்டி அதைச் சுலபமாகத் தாண்டும். எனவே வீடு வந்ததும் செருகாமல், கையால் தொட்டால் சூடு தெரியாத நிலை வரும்வரை காத்திருங்கள். 2022 மார்ச் இறுதியில் வேலூரில், வீட்டில் இரவில் மின்னேற்றத்தில் இருந்த மின்ஸ்கூட்டர் தீப்பற்றியதில் தந்தையும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். தொழிற்சாலையில் செய்த வண்டிக்கே அது நேர்ந்தது. ஆகவே வீட்டின் வாசல்வழியையோ மாடிப்படியடியையோ மறிக்கும் இடத்தில் மின்னேற்றாதீர்கள். தூங்கும் நேரத்தில் மின்னேற்றாதீர்கள். பேட்டரியைக் கழற்றி எடுக்கும்படி பெட்டியை அமைத்தால் மொட்டைமாடியின் நிழலிலோ பால்கனியின் சிமெண்ட் தரையிலோ வைத்து ஏற்றலாம்.

கன்ட்ரோலருக்கு 36 வோல்ட், 15 ஆம்பியர் போதும். அதன் மேலெல்லை மின்னழுத்தம் 44 வோல்ட்டைத் தாங்குமா என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். மோட்டாருக்கு மின்சாரத்தை வெட்டி வெட்டித் தரும் சதுர அலை வகையைவிட, சீரான அலையாகத் தரும் சைன் அலை வகை சற்று விலை கூடுதல். சத்தமும் அதிர்வும் குறைவு என்பதால் தகும். இந்த இடத்தில் ஒரு பழைய செய்தி. சக்கரத்தின் நடுவே மோட்டாரை வைக்கும் யோசனை புதிதல்ல. அமெரிக்கரான ஆக்டன் போல்ட்டன் 1895 டிசம்பர் 31 அன்றே பின்சக்கர மோட்டார் வைத்த மின்சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார். அதில் பேட்டரி 10 வோல்ட், மின்னோட்டமோ 100 ஆம்பியர் வரை. கம்பியில் வெப்பமாகும் இழப்பு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும் என்பதால், அதே திறனை 36 வோல்ட்டில் எடுக்கும்போது ஒரே கம்பியில் இழப்பு ஏறத்தாழ பதின்மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. 15 ஆம்பியருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி தாராளம்.

மோட்டாரில் இரண்டு வகை. உள்ளே கியர் இல்லாத நேரடி மோட்டார் எடை மிகுந்தது, சத்தமில்லாதது, பிரேக் பிடிக்கும்போது கொஞ்சம் மின்சாரத்தைத் திருப்பித் தரக்கூடியது. உள்ளே நைலான் பற்சக்கரங்கள் கொண்ட கியர் மோட்டார் 3 கிலோவை ஒட்டி இருக்கும். ஏற்றத்தில் நன்றாக இழுக்கும். மின்சாரம் போனாலும் சாதாரணச் சைக்கிளைப் போல மிதித்து வீடு சேரலாம். திருப்பித் தரும் மின்சாரத்தை வைத்துப் பலர் கனவு காண்கிறார்கள். சமதள நகரத்தில் அது மிகச் சிறிய பங்கே. உங்களுக்குக் கியர் மோட்டார்தான். 26 அங்குலச் சக்கரம் 25 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 200 முறை சுற்றும். அந்தச் சுழற்சி வேகத்துக்கு ஏற்பக் கம்பிச்சுருள் சுற்றப்பட்ட மோட்டாரைக் கேட்டு வாங்குங்கள்.

அதைப் பின்சக்கரத்தில் வையுங்கள். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க்கின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் அலுமினியம் அல்லது மக்னீசியம் வார்ப்பு. அது மோட்டாரின் முறுக்குவிசைக்காகச் செய்யப்பட்டதல்ல. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வீட்டில் கட்டும் வண்டிகளில் பேட்டரிக்கு அடுத்து ஆளைக் கொல்லக்கூடியது இதுதான். மோட்டார் சக்கரத்தை முன்னோக்கித் திருப்பும்போது அதே விசையோடு தன் அச்சைப் பின்னோக்கித் திருப்ப முயலும். அச்சு சுழலாமல் தடுப்பது, அதன் இருபுறமும் தட்டையாக இழைக்கப்பட்ட 10 மில்லிமீட்டர் அகலப் பகுதி சட்டகத்தின் காடியில் உட்கார்ந்திருப்பது மட்டுமே. 40 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை 10 மில்லிமீட்டர் இடைவெளியில் தாங்க வேண்டும் என்றால் காடியின் விளிம்பில் 4000 நியூட்டன், அதாவது 400 கிலோ எடைக்கு இணையான விசை அழுத்துகிறது. வார்ப்பு உலோகம் அதில் விரிசல் விட்டுத் திடீரென உடையும். முன்சக்கரம் கழன்றால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். உங்கள் சட்டகம் இரும்பு என்பது நல்ல செய்தி. ஆனாலும் அச்சின் தட்டைப் பகுதியைக் கவ்விப் பிடித்து, விசையைச் சட்டகத்தின் குழாய்க்குக் கடத்தும் டார்க் ஆர்ம் என்ற எஃகுத் தகட்டைக் கட்டாயம் போடுங்கள். கடையில் கிடைப்பது தளர்வாக இருந்தால், 6 மில்லிமீட்டர் எஃகுத் தகட்டில் அச்சின் அளவுக்கு இறுக்கமாக வெட்டித் தரும்படி லேத் பட்டறையில் சொல்லுங்கள். காடியில் கொஞ்சம் ஆட்டம் இருந்தாலும் ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் அச்சு முன்னும் பின்னும் அடித்து நட்டைத் தளர்த்தும். நட்டு தளர்ந்து அச்சு சுழன்றால் அதன் நடுவே வரும் கம்பிகள் முறுக்கி அறுந்துவிடும்.

பின்சட்டகத்தின் உள் அகலம் 135 மில்லிமீட்டர் இருக்கிறதா, உங்கள் பற்சக்கரத் தொகுதி மரையிட்டுத் திருகும் ஃப்ரீவீல் வகையா என்று வாங்கும் முன் அளந்து பாருங்கள். ரிம்மில் கோக்காத மோட்டாராக வாங்கினால் ஸ்போக்ஸ் கம்பி கோப்பதையும் கோட்டம் எடுப்பதையும் பழகிய சைக்கிள் கடைக்காரரிடம் விட்டுவிடுங்கள். அது புத்தகம் பார்த்துக் கற்கும் வேலை அல்ல. சட்டகத்தைப் புதிதாக வெல்டிங் செய்து உருவாக்கும் ஆசை பலருக்கு வருகிறது. கோணம் ஒரு டிகிரி பிசகினாலும் வண்டி கையை இழுக்கும். வெல்டிங் முறிந்தால் முன்னறிவிப்பு இருக்காது. அந்த ஆசையை நான் ஊக்குவிப்பதில்லை.

பேட்டரியைப் பின்கேரியரில் ஏற்றாமல், சட்டகத்தின் நடு முக்கோணத்தில், தாழ்வாக வைத்தால் வண்டி வளைவில் தள்ளாடாது. மழைநீர் கம்பி வழியே மோட்டாருக்குள் இறங்காமல் இருக்க, அச்சை நெருங்கும் முன் கம்பியைக் கீழே தொங்கும் ஒரு வளைவாக விட்டு மேலே ஏற்றுங்கள். நீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். பிரேக்கைப் புதிய கண்ணோடு பாருங்கள். இதுவரை 15 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டியவர் 25க்கு வந்தால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 2.8 மடங்காகிறது. டிஸ்க் பிரேக்கின் கட்டைகளையும் கேபிளையும் மாற்றுங்கள். பிடித்தவுடன் மோட்டாரை நிறுத்தும் சுவிட்ச் உள்ள பிரேக் கைப்பிடிகளையே போடுங்கள். ஆக்சிலரேட்டரில் மூன்று கம்பிகள்: 5 வோல்ட், பூமி (எதிர்முனை), எவ்வளவு முறுக்கினீர்கள் என்று சொல்லும் சைகை. பூமிக் கம்பி அறுந்தால் சைகை உச்சத்துக்குப் போய், அதைக் கண்டறியத் தெரியாத மலிவான கன்ட்ரோலர் முழு வேகம் என்று எடுத்துக்கொள்ளும். அந்தக் கணத்தில் உங்களைக் காப்பது பிரேக் சுவிட்ச்தான்.

எல்லாம் இணைத்த பின் பேட்டரியை நேரடியாகச் செருகாதீர்கள். வீட்டில் பயன்படும் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடரில் வைத்து முதல் இணைப்பைக் கொடுங்கள். கன்ட்ரோலரின் மின்தேக்கிகள் அதன் வழியே மெல்ல நிரம்பும். பல்பு மங்கலாகத் தொடர்ந்து எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ குறுக்குச்சுற்று இருக்கிறது. அணைந்தே இருந்தால் பல்பை நீக்கி நேரடியாக இணைக்கலாம். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்தி ஆக்சிலரேட்டரை மெதுவாக முறுக்குங்கள். சீராகச் சுற்றினால் நன்று. உறுமினாலோ வெட்டி வெட்டி ஆடினாலோ மோட்டாருக்கு மின்சாரம் தரும் மூன்று தடித்த கம்பிகளும், மோட்டார் எந்த நிலையில் இருக்கிறது என்று காட்டும் ஹால் உணரிக் கம்பிகளும் பொருந்தவில்லை. சரியான பொருத்தத்தைத் தானே கண்டறிய உதவும் கம்பி உள்ள கன்ட்ரோலராக இருந்தால் அதை இணைத்துச் சரிசெய்துகொள்ளலாம்.

உரிமம் பற்றி. 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 30 நிமிடத் திறன் (மோட்டார் 30 நிமிடம் தொடர்ந்து தரக்கூடிய திறன்) 250 வாட்டுக்கும் உச்ச வேகம் 25 கிலோமீட்டருக்கும் குறைவாக உள்ள மின்வண்டி மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. அதற்குப் பதிவோ ஓட்டுநர் உரிமமோ வேண்டாம். மிதிக்கும்போது மட்டும் உதவும் சைக்கிளுக்கும் இதே எல்லைகள்தான். ஆனால் இந்த விலக்கு, அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனம் சரிபார்த்த வண்டிக்கு உரியது. நீங்கள் வீட்டில் கட்டும் வண்டிக்கு அந்தச் சான்று இருக்காது. எல்லைகளுக்குள் நின்று, சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும் ஓட்டும்போது பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை என்பது நடைமுறை. விபத்து நேர்ந்தால் கேட்பார்கள் என்பதும் நடைமுறையே. 1000 வாட் மோட்டார் போட்டால் அந்த அரைகுறை நிழலும் இல்லை: சட்டத்தின் கண்ணில் அது பதிவு செய்யப்படாத, காப்பீடு இல்லாத மோட்டார் வாகனம். கன்ட்ரோலரில் வேக எல்லையை 25க்குக் கீழே அமைத்துவிடுங்கள், ஹெல்மெட் போடுங்கள்.

ஓடத் தொடங்கிய முதல் வாரத்தில் அச்சு நட்டையும் டார்க் ஆர்மையும் தினமும் கையால் சோதியுங்கள். புதிதாகக் கோத்த ஸ்போக்ஸ் கம்பிகள் தளரும் என்பதால் ஒருமுறை மீண்டும் இறுக்கச் சொல்லுங்கள். மேம்பாலம் ஏறி இறங்கியதும் நிறுத்தி, ஒவ்வொரு இணைப்பையும் தொட்டுப் பாருங்கள். மற்றவற்றைவிடச் சூடான இணைப்பில் சால்டரோ, கம்பியை அழுத்திப் பிடிக்கும் கிரிம்ப்போ சரியில்லை. மாதம் ஒருமுறை, மின்னேற்றம் முடிந்த கையோடு பன்னிரண்டு தொகுதிகளின் மின்னழுத்தத்தையும் அளந்து ஒரு நோட்டில் குறியுங்கள். எல்எஃப்பியில் நடுநிலையில் எல்லாத் தொகுதிகளும் ஒரே அளவைக் காட்டி ஏமாற்றும். நிறைந்த நிலையில்தான் வேறுபாடு வெளிப்படும். ஒரே தொகுதி மாதாமாதம் மற்றவற்றைவிடக் கீழே இறங்கிக்கொண்டே போனால், வண்டி நன்றாக ஓடினாலும், பேட்டரியைத் திறந்து அந்தத் தொகுதியின் இரண்டு செல்களையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.